ஹென்றி ஃபீல்டிங்

ஹென்றி ஃபீல்டிங் (ஏப்ரல் 22, 1707 – அக்டோபர் 8, 1754) இங்கிலாந்தைச் சேர்ந்த நாவலாசிரியர், நாடகாசிரியர், வழக்கறிஞர், நீதவான் ஆவார். டாம் ஜோன்ஸ் (1749) என்னும் நாவலின் ஆசிரியராகவே இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும் 1748 முதல் 1754 வரை லண்டனின் போ வீதியில் நீதவானாக இருந்து இவர் ஆற்றிய பணி, ஆங்கிலேயச் சட்ட வரலாற்றில் தனி இடம் பெற்றுள்ளது. தெருச் சண்டை, குடிபோதைக் கலகம், சூதாட்ட விடுதிகள், அண்டை வீட்டாரைத் துன்புறுத்துதல், வழிப்பறி போன்ற சமூக விரோதச் செயல்களை நீதிமன்றத்தின் வழியாக எவ்வாறு தடுப்பது என்பதே இவரது கடைசி ஆறு ஆண்டுகளின் முதன்மைக் கேள்வியாக இருந்தது. பிற்காலத்தில் போ வீதி ஓட்டக்காரர்கள் எனப் பெயர் பெற்ற குற்றப் புலனாய்வுக் குழுவை உருவாக்கியவரும் இவரே.

பிறப்பும் இளமையும்

ஃபீல்டிங் இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில், கிளாஸ்டன்பரிக்கு அருகிலுள்ள ஷார்ப்பம் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை எட்மண்ட் ஃபீல்டிங் படை அதிகாரி. தாய் சாரா, மன்னர் ஆயத்தின் நீதிபதியாக விளங்கிய சர் ஹென்றி கூல்டின் மகள். தாய் 1718 இல் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டதும், தாய்வழிப் பாட்டியான சீமாட்டி கூல்ட், குழந்தைகளின் வளர்ப்புரிமையையும் அவர்களுக்குரிய சொத்தையும் கோரி மருமகன்மீது சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். நீதிமன்றம் என்பது ஃபீல்டிங்குக்குப் பதின்ம வயதிலேயே வீட்டு விவகாரமாக அறிமுகமாகியது எனலாம். 1719 முதல் 1724 வரை ஈட்டன் பள்ளியில் பயின்றார்.

லைம் ரீஜிஸ் நிகழ்வு (1725)

ஃபீல்டிங்கின் வாழ்க்கை வரலாறுகளில் சில வரிகளில் கடந்து செல்லப்படும் ஒரு நிகழ்வு, இவரது பிற்காலப் பணியை நோக்கும்போது முக்கியத்துவம் பெறுகிறது. பதினெட்டு வயதில் இவர் டார்செட் மாவட்டத்தின் கடலோர ஊரான லைம் ரீஜிஸில் தங்கியிருந்தார். அங்கு சாரா ஆண்ட்ரூஸ் என்னும் பெற்றோரற்ற, சொத்துடைய பெண்ணின்மீது காதல் கொண்டார். அப்பெண்ணின் காப்பாளரான ஆண்ட்ரூ டக்கர் இதனை எதிர்த்தார். பெண்ணைக் கவர்ந்து செல்ல ஃபீல்டிங் முயன்றதாகச் சொல்லப்படுகிறது.

1725 நவம்பரில் டக்கர் ஊர் நிர்வாகத்தை அணுகி, ஃபீல்டிங்காலும் அவரது வேலையாளாலும் தமது உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும் என அஞ்சுவதாக முறையிட்டார். அதன் பேரில் இருவரும் அமைதி காக்கப் பிணையில் வைக்கப்பட்டனர். இது அவ்வூர்ப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. ஃபீல்டிங் டக்கரையும் அவர் மகனையும் கோழைகள் எனப் பழித்து ஓர் அறிவிப்பை எழுதி ஒட்டிவிட்டு ஊரை விட்டு வெளியேறினார். அப்பெண் அடுத்த ஆண்டு வேறொருவரை மணந்தார்.

பின்னாளில் நூற்றுக்கணக்கான பேரை அமைதிப் பிணையில் வைத்த நீதவான், தாமே ஒருமுறை அந்தப் பிணைக்கு உட்பட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அமைதிப் பிணை என்னும் முறை

இங்கிலாந்தில் 1361 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் சமாதான நீதவான்கள் என்போர் ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமிக்கப்பட்டனர். இவர்கள் பெரும்பாலும் சம்பளம் பெறாத உள்ளூர்ச் செல்வந்தர்கள். குற்றம் நிகழுமுன்னரே அதனைத் தடுக்கும் அதிகாரம் இவர்களுக்கு இருந்தது. அதன் முதன்மைக் கருவியே பிணைமுறி.

ஒருவரால் தமக்கு உடல் தீங்கு நேரும் என அஞ்சுபவர் நீதவான் முன் வந்து, பகையினால் அன்றி உண்மையான அச்சத்தினாலேயே முறையிடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். நீதவான் எதிராளியை அழைத்து, குறிப்பிட்ட காலம் வரை அமைதி காப்பதாகப் பிணைமுறி எழுதி வாங்குவார். அவருக்காகப் பொறுப்பேற்கும் பிணையாளர்களும் தேவை. வாக்கை மீறினால் முறியில் கண்ட தொகை அரசுக்குச் சேரும். பிணை கொடுக்க மறுத்தாலோ, பிணையாளர் கிடைக்காவிட்டாலோ சிறைதான். இதற்குக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. ஜூரிகளும் இல்லை.

இன்னொரு வகை நன்னடத்தைப் பிணை. இதன் எல்லை மிகவும் பரந்தது. காரணமின்றி இரவில் திரிவோர், ஒட்டுக்கேட்போர், ஓயாக் குடிகாரர், சந்தேகத்திற்குரியவர்களோடு பழகுவோர் எனப் பலரும் இதனுள் அடங்குவர் எனச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1769 இல் வெளிவந்த தமது உரைநூலின் நான்காம் தொகுதியில் பட்டியலிடுகிறார். பிணையாளரைத் தேடிக்கொள்ள வசதியுள்ளவர் வீட்டுக்குப் போவார், வசதியற்றவர் அதே நடத்தைக்காகச் சிறைக்குப் போவார் என்பது இம்முறையின் நீங்காத குறை. பதினெட்டு வயது ஃபீல்டிங் முதல் வகையைச் சேர்ந்தவர்.

இம்முறை பிரித்தானிய ஆட்சியின் வழியாக இந்தியாவிற்கும் வந்தது. 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 முதல் 110 வரையிலான பிரிவுகளாக அமைந்திருந்த அமைதிப் பிணை, நன்னடத்தைப் பிணை விதிகள், 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126 முதல் 129 வரையிலான பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன.

நாடகத்திலிருந்து சட்டத்திற்கு

1728 இல் ஃபீல்டிங்கின் முதல் நாடகம் லண்டனின் டுரூரி லேன் அரங்கில் மேடையேறியது. சிறிது காலம் ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1729 இல் திரும்பினார். அடுத்த எட்டு ஆண்டுகளில் டாம் தம் (1730), பாஸ்குவின் (1736) உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். இவற்றுள் பல அன்றைய முதலமைச்சர் ராபர்ட் வால்போலின் ஆட்சியைக் கடுமையாக எள்ளி நகையாடின. 1737 இல் நாடக உரிமச் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் முன்னனுமதி இல்லாமல் எந்த நாடகமும் நடிக்கப்படக் கூடாது என்றானதால் ஃபீல்டிங்கின் நாடக வாழ்வு முடிவுற்றது.

1734 இல் சார்லட் கிராடாக் என்பவரை மணந்திருந்த ஃபீல்டிங், குடும்பத்தைக் காக்க முப்பது வயதில் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1740 ஜூன் 20 அன்று வழக்கறிஞரானார். மேற்கு மாவட்டங்களின் சுற்று நீதிமன்றங்களில் தொழில் செய்தார். வருவாய் போதவில்லை. எழுத்தைத் தொடர்ந்தார். ஜோசப் ஆண்ட்ரூஸ் 1742 இலும், ஜோனதன் வைல்ட் 1743 இலும் வெளிவந்தன. பின்னதன் நாயகன் 1725 இல் தூக்கிலிடப்பட்ட உண்மையான மனிதன். திருடர்களைப் பிடித்துக் கொடுப்பவனாக ஊருக்குக் காட்டிக்கொண்டு, மறைவில் திருட்டுக் கூட்டத்தை நடத்தி, திருடிய பொருளை உரியவரிடமே பணம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தவன். இந்தத் தந்திரம் ஃபீல்டிங்கின் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னர் இவர் எழுதிய சட்டக் கட்டுரைகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.

மனைவி 1744 இல் இறந்தார். 1747 இல் அவரது பணிப்பெண்ணாக இருந்த மேரி டேனியலை ஃபீல்டிங் மணந்தார். இது அன்றைய லண்டனில் ஏளனத்திற்கு உள்ளானது.

போ வீதி நீதவான்

1748 இல் ஃபீல்டிங் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் சமாதான நீதவானாக நியமிக்கப்பட்டார். ஆண்டின் இறுதியில் போ வீதியில், தமக்கு முன்பிருந்த நீதவான் தாமஸ் டி வெய்ல் பயன்படுத்திய வீட்டில் குடியேறினார். வீட்டின் கீழ்த்தளமே நீதிமன்றம். 1749 தொடக்கத்தில் மிடில்செக்ஸ் மாவட்டத்திற்கும் நீதவானானார். அதற்கு ஆண்டுக்கு 100 பவுண்டு மதிப்புள்ள நிலவுடைமை வேண்டும். ஃபீல்டிங்கிடம் அது இல்லை. பெட்ஃபோர்டு கோமகன் தமது சொத்துகள் சிலவற்றைக் குத்தகைக்கு அளித்து இத்தகுதியை ஏற்படுத்திக் கொடுத்தார். 1749 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் காலாண்டு அமர்வு நீதிமன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டாம் ஜோன்ஸ் வெளியானதும் அதே ஆண்டில்தான்.

அக்காலத்தில் லண்டன் நீதவான்கள் பலர் வணிக நீதவான்கள் என்று இகழப்பட்டனர். இதற்குக் காரணம் கட்டண முறை. ஒவ்வொரு பிடியாணைக்கும், ஒவ்வொரு பிணைமுறிக்கும் கட்சிக்காரர் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே இரு சுமைகூலிகள் குடித்துவிட்டு அடித்துக்கொண்டால், அவர்களைச் சமாதானப்படுத்தும் நீதவானுக்கு வருவாய் இல்லை. இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் முறையிடத் தூண்டும் நீதவானுக்கு இரட்டை வருவாய். ஃபீல்டிங் இத்தகைய சண்டைகளை வளர்க்காமல் தீர்த்து வைத்ததாகவும், கடைசி ஷில்லிங்கை வைத்திருப்பவனிடம் அதனை வாங்க மறுத்ததாகவும், அதனால் ஆண்டுக்கு 500 பவுண்டு தரக்கூடிய பதவி தம் கையில் 300 பவுண்டு அளவுக்குச் சுருங்கியதாகவும், அதிலும் பெரும்பங்கு எழுத்தருக்கே சென்றதாகவும் தமது கடைசி நூலில் குறிப்பிடுகிறார். தம்மைப் பற்றித் தாமே கூறுவது என்பதால் இதனைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். ஆயினும் இவர் பணம் சேர்க்காமலேயே இறந்தார் என்பது உண்மை.

போ வீதியின் அன்றாட நடைமுறை எளிமையானது. முறையீட்டாளர் சத்தியம் செய்து வாக்குமூலம் அளிப்பார். நீதவான் பிடியாணை எழுதுவார். கான்ஸ்டபிள் ஆளைக் கொண்டு வருவார். விசாரணைக்குப் பின் நீதவான் முன் சில வழிகள் இருந்தன. இருதரப்பும் இசைந்தால் விட்டுவிடலாம். பிணைமுறி வாங்கலாம். பெருங்குற்றமாயின் நியூகேட் போன்ற சிறையில் அடைத்து ஓல்டு பெய்லியில் ஜூரிகள் முன் விசாரணைக்கு அனுப்பலாம். வேலையின்றித் திரிந்து ஒழுங்கைக் கெடுப்பவர் என ஒருவரைக் கருதினால், 1744 ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தின்படி ஜூரிகளே இல்லாமல் ஒரு மாதம் வரை திருத்தச் சிறைக்கு அனுப்பலாம். இந்தக் கடைசி அதிகாரம் பெரும்பாலும் ஏழைகள்மீதே பாய்ந்தது. ஃபீல்டிங்கும் அதனைத் தாராளமாகவே பயன்படுத்தினார். நாவல்களில் ஏழைகளிடம் பரிவு காட்டியவர், நீதவான் இருக்கையில் அவர்களின் பொழுதுபோக்குகளைக் கடிந்தார் என்பது இவர்மீது பலர் கூறும் குறை.

ஸ்ட்ராண்ட் கலகமும் பென்லெஸ் வழக்கும்

1749 ஜூலை 1 அன்று லண்டனின் ஸ்ட்ராண்ட் பகுதியிலிருந்த ஒரு பாலியல் தொழில் விடுதியில் தமது பணம் திருடப்பட்டதாகக் கூறி, கடற்படை மாலுமிகள் கூட்டமாகத் திரண்டு வந்து அதனைச் சூறையாடினர். தட்டுமுட்டுப் பொருள்களைத் தெருவில் குவித்துத் தீ வைத்தனர். மறுநாளும் கலகம் தொடர்ந்து, பீட்டர் வுட் என்பவர் நடத்திய விடுதியும் தாக்கப்பட்டது. ஃபீல்டிங் அப்போது ஊரில் இல்லை. திங்கட்கிழமை திரும்பி வந்து, படைவீரர் துணையுடன் கைதானவர்களை விசாரித்துச் சிறைக்கு அனுப்பினார்.

விசாரணையில் இருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் ஒருவர் பொசவர்ன் பென்லெஸ் என்னும் இளைஞர். பொய்முடி செய்யும் தொழிலாளி, ஒரு மதகுருவின் மகன். கலகக் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு வீட்டை இடிக்கத் தொடங்குவது, கலகச் சட்டத்தின்படி மரண தண்டனைக்குரிய குற்றம். ஜூரிகள் கருணை காட்டப் பரிந்துரைத்தனர். அப்பகுதி மக்களும் மனு அளித்தனர். மற்றவருக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது. பென்லெஸ் மட்டும் 1749 அக்டோபர் 18 அன்று டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். கலக இரவில் அவரிடம் வுட்டின் வீட்டிலிருந்து எடுத்த துணி மூட்டை இருந்தது என்பதை ஃபீல்டிங் மேலிடத்திற்குத் தெரிவித்ததே அவருக்கு எதிராக அமைந்தது. அந்த மூட்டை பற்றிய குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவே இல்லை.

ஊரில் கொந்தளிப்பு எழுந்தது. அதே நவம்பரில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் இடைத்தேர்தலிலும் இது பேசுபொருளாயிற்று. அந்த விடுதிகளைச் சட்டம் ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை, கண்டுகொண்டவர்களைத் தூக்கிலிடுகிறதே என்பது மக்களின் கேள்வி. ஃபீல்டிங் தம் தரப்பை விளக்கித் தனி நூலே வெளியிட்டார். தீய விடுதிகளை அகற்றச் சட்டத்தில் வழி உண்டு, கூட்டம் தானே குற்றம் சாட்டி, தீர்ப்புக் கூறி, தண்டனையும் நிறைவேற்றுவதை எந்த அரசும் ஏற்க முடியாது என்பது அவரது வாதத்தின் சாரம். வாதம் சரியே. ஆனால் சட்டத்திலிருந்த அந்த வழி நடைமுறையில் அடைபட்டுக் கிடந்தது என்பதும் உண்மை. அதனை ஃபீல்டிங்கும் அறிந்திருந்தார் என்பது அடுத்த ஆண்டுகளில் தெரியவந்தது.

கொள்ளையர் பெருக்கம் பற்றிய ஆய்வு

1751 ஜனவரியில், அண்மைக் காலத்தில் கொள்ளையர் பெருகியதற்கான காரணங்களை ஆராயும் நூலை ஃபீல்டிங் வெளியிட்டார். ஜின் என்னும் மலிவான மது, சூதாட்டம், ஏழைகள் உதவிச் சட்டத்தின் சீர்கெட்ட நிர்வாகம், திருட்டுப் பொருளை வாங்குவோர் ஆகியவற்றை முதற்பகுதியில் காரணங்களாகக் காட்டினார். எளிய மக்கள் செல்வரைப் போல ஆடம்பரத்தில் இறங்கியதும் அவருக்கு ஒரு காரணம். செல்வரின் ஆடம்பரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

நூலின் வலிமை இரண்டாம் பகுதியில் உள்ளது. திருட்டுக் கொடுத்தவர் ஏன் நீதிமன்றத்திற்கு வருவதில்லை என்று ஒரு நீதவானுக்கே தெரிந்த விவரங்களோடு இங்கு விளக்குகிறார். அன்று அரசு வழக்கறிஞர் என எவரும் இல்லை. வழக்கை நடத்த வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. செலவும் அவருடையதே. வேலையை விட்டுச் சாட்சிகளை அழைத்து வர வேண்டும். குற்றவாளியின் கூட்டாளிகளுக்கு அஞ்ச வேண்டும். ஒரு சிறு திருட்டுக்காக ஒருவன் தூக்கில் தொங்குவதைக் காண மனம் ஒப்பாமலும் பலர் ஒதுங்கினர். இவற்றையெல்லாம் விடப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, கேள்வி கேட்காமல் பணம் கொடுத்துப் பொருளைத் திரும்பப் பெறுவது எளிதாக இருந்தது. ஜோனதன் வைல்டின் வணிகம் அவன் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தும் நடந்துகொண்டுதான் இருந்தது.

டைபர்னுக்குச் செல்லும் தூக்குத் தண்டனை ஊர்வலம் குற்றவாளிகளை வீரர்களாக்குகிறது எனவும், தண்டனையை விரைவாகவும் கூட்டம் இல்லாமலும் நிறைவேற்ற வேண்டும் எனவும் இந்நூல் கூறியது.

ஒழுங்கீன விடுதிகள் சட்டம்

1751 பிப்ரவரியில் குற்றச் சட்டங்களை ஆராய நாடாளுமன்றக் கீழவை ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டில் ஜின் சட்டம் இயற்றப்பட்டது. மது வடிப்போர் சில்லறை விற்பனை செய்வது தடுக்கப்பட்டது. மதுக்கடையில் சிறு தொகைக்கு வைத்த கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது எனவும் விதிக்கப்பட்டது. ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் புகழ்பெற்ற ஜின் சந்து என்னும் படமும் இதே பரப்புரையின் போதுதான் வெளிவந்தது.

1752 இல் நிறைவேறிய ஒழுங்கீன விடுதிகள் சட்டம் பொதுவாக அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் ஃபீல்டிங்கின் சிந்தனைத் தடம் தெளிவாகத் தெரிவது இதில்தான். பாலியல் தொழில் விடுதியும் சூதாட்ட விடுதியும் பொதுத்தொல்லை என்ற வகையில் முன்பே குற்றங்கள். இருந்தும் வழக்குகள் தோற்றதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. புதிய சட்டம் அந்தக் காரணங்களையே குறிவைத்தது.

செலவுக்கு அஞ்சி அண்டை வீட்டார் முறையிடவில்லை. இனி வரி செலுத்தும் இரு குடியிருப்பாளர்கள் கான்ஸ்டபிளிடம் எழுத்து மூலம் அறிவித்தால் போதும். கான்ஸ்டபிள் அவர்களை நீதவானிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இருவரும் தாம் கூறுவது உண்மை எனச் சத்தியம் செய்து, சாட்சியம் அளிப்பதாகத் தலா 20 பவுண்டுக்குப் பிணைமுறி எழுதித் தர வேண்டும். வழக்கை நடத்தும் பொறுப்பு கான்ஸ்டபிளுக்கு. செலவு வட்டாரத் திருச்சபை நிர்வாகத்தினுடையது. குற்றம் உறுதியானால் முறையிட்ட இருவருக்கும் தலா 10 பவுண்டு கிடைக்கும். விடுதியின் உண்மையான உரிமையாளர் யார் என நிரூபிப்பது கடினமாக இருந்தது. இனி அங்கு எசமானர் போல் நடந்துகொள்பவர் எவரோ அவரே நடத்துபவராகக் கருதப்படுவார். வழக்கை மேல் நீதிமன்றத்திற்கு மாற்றிச் செலவைப் பெருக்கி எதிராளியைக் களைப்படையச் செய்யும் உத்தியும் தடை செய்யப்பட்டது. திருடப்பட்ட பொருளைக் கேள்வி கேட்காமல் திரும்பப் பெறுவதாக விளம்பரம் செய்வோருக்கு 50 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

தண்டனையைக் கூட்டாமல் முறையிடுபவரின் சுமையைக் குறைத்த சட்டம் என்ற வகையில் இது தன் காலத்திற்கு மாறானது. மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் நீண்டுகொண்டே சென்ற நூற்றாண்டு அது. இதே சட்டம் லண்டனைச் சுற்றி 20 மைல் தொலைவுக்குள் இசை, நடன அரங்குகள் நீதவான்களின் உரிமம் பெற வேண்டும் எனவும் விதித்தது. உரிமச் சட்டத்தால் தொழிலை இழந்த ஒரு நாடகாசிரியர் இதனை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று வியக்கத் தோன்றுகிறது.

போ வீதிக் குழு

முறையீடு வந்தாலும் குற்றவாளியைப் பிடிக்க ஆள் வேண்டும். அன்றைய கான்ஸ்டபிள்கள் ஓராண்டு முறை வைத்துப் பணியாற்றிய குடிமக்கள். பலர் தமக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் வைத்தனர். 1749–50 குளிர்காலத்தில், பதவிக்காலம் முடிந்த கான்ஸ்டபிள்களில் திறமையானவர்கள் சுமார் ஆறு பேரை ஹோல்பர்ன் தலைமைக் கான்ஸ்டபிள் சாண்டர்ஸ் வெல்ச்சின் உதவியுடன் ஃபீல்டிங் ஒன்று திரட்டினார். இவர்களுக்கு நிலையான சம்பளம் இல்லை. கொள்ளையரைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தந்தால் கிடைக்கும் அரசுப் பரிசுத் தொகையே வருவாய். இந்த ஏற்பாடு பொய் வழக்குகளுக்கு இடமளிக்கக் கூடியது. ஜோனதன் வைல்டைப் பற்றி நூலே எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

1750 இல் ஃபீல்டிங்கும், இளம் வயதிலேயே பார்வை இழந்த அவரது மாற்றாந்தாயின் மகனான தம்பி ஜான் ஃபீல்டிங்கும் வேலைவாய்ப்பு, விற்பனை பற்றிய தகவல்களைத் திரட்டித் தரும் பதிவு நிலையம் ஒன்றைத் தொடங்கினர். 1752 இல் ஃபீல்டிங் நடத்திய கோவென்ட் கார்டன் இதழில் போ வீதி வழக்குகளின் செய்திகள் தொடர்ந்து வெளியிடப்பட்டன. பொருளை இழந்தோர் உடனே போ வீதிக்குத் தகவல் தர வேண்டும் என்னும் வேண்டுகோளும் வெளியிடப்பட்டது.

1751 டிசம்பரில் வெளிவந்த அமீலியா என்னும் கடைசி நாவல், ஒரு மோசமான நீதவானின் அறையில் தொடங்குகிறது. அடிபட்டவனுக்கு உதவப்போன நாயகன், கையில் காசில்லாததால் சிறைக்கு அனுப்பப்படுகிறான். காசுள்ள குற்றவாளிகள் தப்புகின்றனர். போ வீதி அனுபவம் இல்லாமல் இக்காட்சியை எழுதியிருக்க முடியாது.

எலிசபெத் கானிங் வழக்கு

ஃபீல்டிங்கின் பெயருக்குப் பெரும் இழுக்கை ஏற்படுத்தியது இவ்வழக்கு. 1753 ஜனவரி 1 அன்று காணாமற்போன எலிசபெத் கானிங் என்னும் பதினெட்டு வயதுப் பணிப்பெண், 28 நாள்கள் கழித்து மெலிந்த நிலையில் வீடு திரும்பினார். என்ஃபீல்டு வாஷ் என்னும் இடத்தில் சூசன்னா வெல்ஸ் என்பவரின் வீட்டில் தாம் அடைத்து வைக்கப்பட்டதாகவும், மேரி ஸ்குவயர்ஸ் என்னும் வயதான ஜிப்சிப் பெண் தமது மேலுள்ளாடையைப் பறித்ததாகவும் கூறினார். ஃபீல்டிங் கானிங்கின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். பின்னர் அவ்வீட்டில் வசித்த வர்ச்சூ ஹால் என்னும் பெண்ணை விசாரித்தார். அவள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசவே, உண்மை கூறாவிட்டால் சிறைக்கு அனுப்புவதாக எச்சரித்தார். அதன்பின் அவள் கூறியது கானிங்கின் கதையோடு ஒத்துப்போனது.

ஸ்குவயர்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் மாநகரத் தலைவர் கிறிஸ்ப் காஸ்கோய்னுக்கு இதில் ஐயம் எழுந்தது. அவர் மேற்கொண்ட விசாரணையில், குறித்த நாள்களில் ஸ்குவயர்ஸ் தொலைவிலுள்ள டார்செட் பகுதியில் இருந்ததாகப் பலர் சாட்சி கூறினர். வர்ச்சூ ஹால் தமது வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றாள். ஸ்குவயர்ஸ் மன்னிக்கப்பட்டார். 1754 இல் கானிங் பொய்ச்சாட்சிக் குற்றத்திற்காக ஏழாண்டு அமெரிக்காவிற்கு நாடு கடத்தப்பட்டார். ஃபீல்டிங் கானிங்கை நம்பியதை 1753 மார்ச்சில் வெளியிட்ட சிறுநூலில் விளக்கினார். புலன் விசாரிப்பவரும் வாக்குமூலம் வாங்குபவரும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் உடையவரும் ஒருவராகவே இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இவ்வழக்கு சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. போ வீதி முறையின் வேகத்திற்குக் காரணமாக இருந்ததும் அதே அதிகாரக் குவிப்புத்தான்.

இறுதிக் காலம்

1753 ஆகஸ்டில் ஃபீல்டிங் கீல்வாதத்தால் நலிந்து, மருத்துவர் அறிவுரைப்படி பாத் நகருக்குப் புறப்படவிருந்தார். அப்போது நியூகாசில் கோமகன் அழைத்து, தெருக் கொள்ளைகளையும் கொலைகளையும் நிறுத்தத் திட்டம் கேட்டார். ஃபீல்டிங் 600 பவுண்டு கோரினார். முதல் தவணையாக 200 பவுண்டு கிடைத்தது. அதைக் கொண்டு தகவலாளிகளுக்குப் பணம் கொடுத்து, ஒரு பெருங்கூட்டத்தைச் சிதறடித்தார். அவ்வாண்டின் இருண்ட மாதங்களான நவம்பரிலும் டிசம்பரிலும் தெருக்கொலை எதுவும் நிகழவில்லை என அவரே பதிவு செய்துள்ளார். உடல்நிலை மேலும் மோசமடைந்தது. மஞ்சள் காமாலை, நீர்க்கோவை, ஆஸ்துமா ஆகியவை சேர்ந்துகொண்டன.

1754 இல் பொறுப்பைத் தம்பி ஜானிடம் ஒப்படைத்துவிட்டு, ஜூன் 26 அன்று வீட்டை விட்டுப் புறப்பட்டு, குயின் ஆஃப் போர்ச்சுகல் என்னும் கப்பலில் லிஸ்பன் நகருக்குப் பயணமானார். நடக்க இயலாத நிலையில் அவரைத் தூக்கிக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. 1754 அக்டோபர் 8 அன்று லிஸ்பனில் தமது 47 ஆம் வயதில் காலமானார். அங்குள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பயண நாட்குறிப்பு 1755 இல் வெளிவந்தது.

பின்னர்

ஜான் ஃபீல்டிங் 1780 வரை போ வீதியில் நீதவானாக இருந்தார். 1761 இல் சர் பட்டம் பெற்றார். 1780 ஜூன் மாதம் கார்டன் கலகத்தின்போது போ வீதி வீடு கலகக்காரர்களால் சூறையாடப்பட்டது. ஹென்றி ஃபீல்டிங் திரட்டிய பல தாள்கள் அதில் அழிந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1792 ஆம் ஆண்டின் மிடில்செக்ஸ் நீதவான்கள் சட்டத்தால் லண்டனில் சம்பளம் பெறும் நீதவான்கள் பரவலாக நியமிக்கப்பட்டனர். 1829 இல் லண்டன் பெருநகரக் காவல்துறை அமைக்கப்பட்டது. போ வீதி ஓட்டக்காரர்கள் குழு 1839 இல் கலைக்கப்பட்டது.

அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவோரைக் குற்றவியல் விசாரணை இல்லாமல் ஆணை மூலம் கட்டுப்படுத்தும் எண்ணம், 1998 இல் பிரித்தானியாவில் சமூக விரோத நடத்தை ஆணை என்னும் பெயரில் புத்துருப் பெற்றது. இவ்வாணைகள் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014 ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டு, வேறு வகைத் தடையாணைகள் கொண்டுவரப்பட்டன. 1361 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிணை அதிகாரம் அவற்றோடு ஒருங்கே நிலைத்துள்ளது.

போ வீதி நீதிமன்றம் 1881 இல் அதே வீதியில் எதிர்ப்புறம் கட்டப்பட்ட கட்டடத்திற்கு மாறியது. 2006 ஜூலை 14 அன்று அது மூடப்பட்டது. 2021 இல் அக்கட்டடம் தங்குவிடுதியாகத் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் காவல்துறை அருங்காட்சியகம் அமைந்துள்ளது.